அரிய சொல்லின் எடை

கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பெயரை என் மாணவர்கள் முதலில் பார்ப்பது ஒரு சூத்திரத்துக்குக் கீழேதான். தகவல் மீட்புப் பாடத்தில், கரும்பலகையில் ஒரு பின்னம், அதற்கு முன்னால் ஒரு லாக், பக்கத்தில் 1972 என்று ஆண்டு. எழுதிக்கொள்கிறார்கள், தேர்வுக்குப் படிக்கிறார்கள், மறந்துவிடுகிறார்கள். வரலாறு படித்த ஒரு பெண்ணின் ஐம்பது ஆண்டு உழைப்பில் அந்தச் சூத்திரம் ஒரு மைல்கல் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கணினி மொழியியலில் ஆய்வு செய்து, அதையே கற்பித்து வாழ்வது எப்படி இருக்கும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது அவருடைய கதையைத்தான். மொழியைப் பற்றி நமக்குத் தோன்றுவது எவ்வளவு அழகாக இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்ற பிடிவாதம் அந்த வாழ்க்கை முழுவதும் ஓடுகிறது. தமிழுக்கு இன்று மிகவும் தேவைப்படுவது அந்தப் பிடிவாதம்தான் என்று நான் நம்புகிறேன்.

இந்தத் துறையைப் புதிது என்று நினைப்பவர்கள் அதிகம். தேடுபொறியில் கேள்வியைத் தட்டுகிறோம். நாம் பேசுவதைச் செல்பேசி எழுத்தாக்குகிறது. ஆங்கிலச் செய்தி நொடியில் தமிழாகிறது. சாட்ஜிபிடி கடிதம் எழுதித் தருகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே. எழுத்துகளின் வரிசையை மட்டுமே அறிந்த இயந்திரத்தைப் பொருளை ஒட்டி நடக்க வைப்பது எப்படி? அந்தக் கேள்விக்கு எழுபது வயது கடந்துவிட்டது.

கேரன் 1935 ஆகஸ்ட் 26 அன்று இங்கிலாந்தில் யார்க்‌ஷர் பகுதியின் ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்தார். தந்தை வேதியியல் கற்பித்தவர். தாய் நார்வே நாட்டுக்காரர். பெயரில் உள்ள ‘ஸ்பார்க்’ தாய்வழி வந்தது. 1953 இல் கேம்பிரிட்ஜில் கர்ட்டன் கல்லூரியில் சேர்ந்து வரலாறு படித்தார், முடிவில் ஓர் ஆண்டு தத்துவமும் படித்தார். பிறகு சிறிது காலம் பள்ளி ஆசிரியை. 1958 இல் ரோஜர் நீதமை மணந்தார். நீதம் பின்னாளில் கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தின் தலைவரானவர்.

1950களின் பின்பாதியில் கேரன் போய்ச் சேர்ந்த இடம் விசித்திரமானது. கேம்பிரிட்ஜ் மொழி ஆய்வுக் குழு என்று பெயர். பல்கலைக்கழகத்தின் உள்ளே அதற்கு இடமில்லை. முன்பு கீழைநாட்டுக் கலைப்பொருள்களை வைத்திருந்த ஒரு சிறு கட்டடம். சுவர்களில் சிறிய புத்தர் சிற்பங்கள் பதிக்கப்பட்டிருந்தன. நடத்தியவர் மார்கரெட் மாஸ்டர்மன், தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைனின் மாணவி. அமெரிக்க நிதியை நம்பி ஓடிய அந்த இடத்தில் பின்னாளில் மொழியியலில் பெரிய பெயர்களான மைக்கேல் ஹாலிடே, மார்ட்டின் கே ஆகியோரும் பங்குகொண்டார்கள். 1957 இல் மொழியியலாளர் சாம்ஸ்கியின் புத்தகம் வெளிவந்து, வாக்கியத்தின் அமைப்பே மொழியின் சாரம் என்ற அலை எழுந்த காலம் அது. மாஸ்டர்மன் அதற்கு எதிர்த்திசையில் நின்றார். மொழிபெயர்க்க வேண்டுமானால் முதலில் பொருளைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பொருளைப் பிடிக்க அவர் எடுத்த கருவி 1852 இல் வெளிவந்த ரோஜேயின் சொற்களஞ்சியம். அதைத் துளை அட்டைகளில் ஏற்றி, எந்தச் சொல் எந்தத் தலைப்புகளின் கீழ் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

நம் நிகண்டுகளைப் புரட்டியவர்களுக்கு இந்த முறை உடனே பிடிபடும். திவாகரத்தில் பன்னிரண்டு தொகுதிகள். தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகச் சொற்கள் அடுக்கப்பட்டிருக்கும். பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் வரும் இடங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இயந்திர மொழிபெயர்ப்புக்கு முதல் நாளிலிருந்து தலைவலியாக இருந்தது அந்தப் பதினோராம் தொகுதிச் சமாசாரம்தான்.

கேரன் தம் முனைவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, இந்த மாதிரித் தொகுப்பை மனிதர் உட்கார்ந்து செய்யாமல் இயந்திரமே செய்ய முடியுமா என்ற கேள்வி. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தாலும் கருத்து மாறவில்லை என்றால், அந்த இடத்தில் அவை இரண்டும் ஒருபொருட் சொற்கள். இப்படிச் சின்னச் சின்ன வரிசைகளாகச் சேர்த்து, எந்த வரிசைகளில் பொதுச் சொற்கள் அதிகம் என்று கணக்கிட்டு, பெரிய பொருட்குழுக்களைக் கணினி தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். 1964 இல் ஆய்வேடு முடிந்தது. அன்றைய கணினிகளுக்கு அந்த வேலை மிகப் பெரியது. இந்த எண்ணமோ துறையில் யாருக்கும் அவசரமாகத் தேவைப்படவில்லை. ஆய்வேடு புத்தகமாக அச்சானது 1986 இல். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து! இன்றைய மொழி மாதிரிகள் ஒரு சொல்லின் பொருளை அது புழங்கும் சூழல்களிலிருந்து கணக்கிட்டு எடுக்கின்றன. அந்த எண்ணத்தின் ஆரம்பகால வேர்களில் ஒன்று இந்த ஆய்வேட்டில் இருக்கிறது.

இடையில் 1966 இல் அமெரிக்க அரசின் ஆல்பேக் குழு அறிக்கை வெளிவந்தது. இயந்திர மொழிபெயர்ப்பு செலவுக்கேற்ற பலன் தரவில்லை என்று அது சொன்னதும் அந்த வேலைக்கான நிதி வற்றியது. கேரன் அதற்கு முன்பே வேறு பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தார். மொழிபெயர்ப்பதற்கு முன்னால், கேட்ட விஷயம் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்றாவது கணினி கண்டுபிடிக்குமா? இங்கிருந்துதான் 1972 வருகிறது.

அந்தச் சூத்திரத்தை ஓர் உதாரணத்தோடு சொன்னால் யாருக்கும் புரியும். 1024 கட்டுரைகள் உள்ள ஒரு பத்திரிகைக் கிடங்கு. ஒருவர் ‘தஞ்சாவூர் தலையாட்டி செய்யும் முறை’ என்று தேடுகிறார். ‘செய்யும்’ என்பது 512 கட்டுரைகளில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘முறை’ 256 இல், ‘தஞ்சாவூர்’ 64 இல், ‘தலையாட்டி’ இரண்டே கட்டுரைகளில். நான்கு சொல்லுக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்தால், ‘செய்யும் முறை’ என்று வருகிற சமையல் குறிப்பு எல்லாம் போட்டிக்கு வந்துவிடும். இன்று வகுப்பில் சொல்லித்தரும் வடிவத்தில், மொத்தக் கட்டுரைகளை அந்தச் சொல் வரும் கட்டுரைகளால் வகுத்து, இரண்டை அடிமானமாக வைத்து லாக் எடுக்க வேண்டும். ‘செய்யும்’ 1 பெறும், ‘முறை’ 2, ‘தஞ்சாவூர்’ 4, ‘தலையாட்டி’ 9. பொம்மை பற்றிய இரண்டு கட்டுரைகளும் மேலே வந்து நிற்கும். எல்லாக் கட்டுரைகளிலும் வருகிற சொல்லுக்கு எடை பூஜ்யம்.

இவ்வளவு எளிமையா என்று கேட்பார்கள். இதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. ‘பானம்’ பொதுச்சொல், ‘தேநீர்’ குறிப்பான சொல் என்று நாம் பொருளை வைத்துச் சொல்கிறோம். கேரன் அப்படிச் சொல்ல வேண்டாம் என்றார். தேயிலை பற்றிய ஆவணங்களே நிறைந்த கிடங்கில் ‘தேநீர்’ எதையும் பிரித்துக் காட்டாது. அங்கே அது பொதுச்சொல்தான். ஒரு சொல் எவ்வளவு குறிப்பானது என்பது அகராதியில் இல்லை, அந்தக் கிடங்கில் அது எப்படிப் புழங்குகிறது என்பதில் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் சால்ட்டனின் குழு, ஒரு கட்டுரைக்குள் சொல் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கோடு இதைச் சேர்த்துக்கொண்டது. 1976 இல் ஸ்டீவன் ராபர்ட்சனும் கேரனும் சேர்ந்து இதற்கு நிகழ்தகவு அடிப்படையில் இன்னொரு படியைக் கட்டினார்கள். அந்த வழியில் பின்னர் வந்ததுதான் பிஎம்25 என்ற தேடல் சூத்திரம். உலகெங்கும் இணையதளங்களின் தேடல் பெட்டிகளுக்குப் பின்னால் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழுக்கு இதை அப்படியே போட்டால் என்ன ஆகும் என்பதை நான் வகுப்பில் செய்தே காட்டுவேன். ‘மரத்தை’ என்ற ஒரு வடிவத்தை எடுங்கள். அடுத்து வரும் சொல்லைப் பொறுத்து அது மரத்தைக், மரத்தைச், மரத்தைத், மரத்தைப் என்று வல்லினம் மிக்கு நிற்கும். கணினிக்கு இவை ஐந்து வெவ்வேறு சொற்கள். மரத்தில், மரத்திலிருந்து, மரங்களுக்கு, மரங்களுக்குக்கூட, மரந்தானே என்று போனால் பட்டியல் முடியாது. ‘மரங்களுக்குக்கூட’ ஒரே ஒரு கட்டுரையில் வந்திருந்தால் சூத்திரம் அதை மிக அரிய சொல் என்று எண்ணி முழு எடையையும் தந்துவிடும். கட்டுரைக்குக் கட்டுரை மரம் இருக்கும். ஆனால் ‘மரம்’ என்று தேடுகிறவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது.

விகுதியையும் உருபையும் வெட்டிவிட்டால் போயிற்று என்று அடுத்த யோசனை வரும். கடைசியில் ‘ஐ’ இருந்தால் வெட்டு என்று நிரலில் எழுதுகிறோம். ‘கடலை’ வருகிறது. ‘கடலைப் பார்த்தான்’ என்ற இடத்தில் வெட்டினால் சரி. ‘கடலை சாகுபடி’ என்ற இடத்தில் வெட்டினால் நிலக்கடலை விவசாயி வங்காள விரிகுடாவுக்குப் போய்விடுகிறார். எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று முடிவெடுக்க நன்னூலின் உருபு புணரியல் தெரிந்த மூளை வேண்டும். அந்த முடிவு சரியா என்று சொல்ல மூளை போதாது. அதற்குச் சோதனை வேண்டும்.

கேரனிடம் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம். 1972 கட்டுரையில் சூத்திரத்தைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்தவில்லை. சில நூறு ஆவணங்கள் கொண்ட மூன்று தனித்தனித் தொகுப்புகளில் ஓட்டிப் பார்த்து, மூன்றிலும் பலன் தெரிகிறது என்று காட்டினார். இந்தச் சோதனை மரபைத் தொடங்கிவைத்தவர் சிரில் கிளெவர்டன் என்ற நூலகர். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் விமானவியல் கல்லூரியில் இருந்தவர். 1960களில் அவர் உருவாக்கிய தொகுப்பில் 1400 ஆய்வுக் கட்டுரைகள், 225 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தக் கட்டுரை பொருந்தும் என்று மனிதர்கள் முன்கூட்டியே குறித்துவைத்த பட்டியல். அதை வைத்துக்கொண்டு எந்தத் தேடல் முறையையும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். நீ கொண்டுவந்த பத்தில் எத்தனை சரியானவை? சரியானவை இருபது இருக்க, எத்தனையை விட்டுவிட்டாய்? ஒன்றை உயர்த்தப் போனால் மற்றது பெரும்பாலும் இறங்கும். பெரிய பேச்சுகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளின் முன்னால் வந்து நிற்க வேண்டும்.

ஆனால் 1400 கட்டுரைகளில் பலித்தது லட்சக்கணக்கில் பலிக்குமா? இந்த ஐயம் கேரனை விடவில்லை. 1975 இல் அவரும் கீத் வான் ரைஸ்பெர்கனும் ஓர் அறிக்கை எழுதினார்கள். எல்லா ஆய்வாளர்களும் பொதுவில் பயன்படுத்தும்படி ஒரு பெரிய, நேர்மையான சோதனைத் தொகுப்பு வேண்டும். அதை எப்படிக் கட்டுவது, எவ்வளவு பேர் எவ்வளவு படித்துக் குறிக்க வேண்டும் என்று விரிவாகத் திட்டமிட்டார்கள். அன்று அது கட்டப்படவில்லை. 1992 இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், டோனா ஹார்மன் தலைமையில் ட்ரெக் என்ற முயற்சியைத் தொடங்கியபோதுதான் அந்தக் கனவுக்கு உருவம் வந்தது. முதல் தொகுப்பே சுமார் 2 கிகாபைட் அளவு உரை. கேரன் அந்த முயற்சியிலும் ஆண்டுக்கணக்கில் பங்கேற்றார். 1995 இல் ஜூலியா காலியர்ஸுடன் சேர்ந்து, மொழிக் கருவிகளை மதிப்பிடுவது எப்படி என்பதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். ஒரு கருவியை யார், எதற்கு, எந்தச் சூழலில் பயன்படுத்துகிறார் என்று கேட்காமல் வெறும் மதிப்பெண்ணைச் சொல்வதில் பயனில்லை என்பது அதில் அவர் வலியுறுத்தியது.

இத்தனையையும் அவர் செய்தது எந்த நாற்காலியில் உட்கார்ந்து என்று பார்த்தால் எனக்கு மனம் கனக்கிறது. நியூன்ஹாம் கல்லூரியில் சில ஆண்டு ஆய்வு நிதி, பிறகு ராயல் சொசைட்டியின் நிதியுதவி, 1974 முதல் கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகம். அங்கும் நெடுங்காலம் ஒன்று முடிய இன்னொன்று என்று குறுகிய கால நிதியில்தான். 1994 இல் ரீடர் ஆனார். பேராசிரியர் ஆனது 1999 இல், அறுபத்துநான்கு வயதை நெருங்கியபோது. 2002 இல் ஓய்வு. உலகம் முழுக்கப் பயன்படுத்திய சூத்திரத்தை எழுதி இருபத்தேழு ஆண்டு கழித்துத்தான் அவருடைய பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி தந்தது.

தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது உறைக்கும். நானும் ‘ப்ராஜெக்ட் ஸ்டாஃப்’ ஆகத்தான் இந்தத் துறைக்குள் வந்தேன். ஒரு திட்டம் மார்ச்சில் முடியும். அடுத்ததற்கு ஒப்புதல் எப்போது வரும் என்று தெரியாது. வீட்டுக்கடன் கேட்கப் போனால் முதல் கேள்வியே, “வேலை பர்மனென்டாங்க மேடம்?” என்பதுதான். அந்த ஆண்டுகளில் நான் செய்த வேலை சொற்களுக்கு இலக்கணக் குறி போடுவது. ‘நாளை வரும் பேருந்து’ என்பதில் ‘வரும்’ பெயரெச்சம். ‘பேருந்து நாளை வரும்’ என்பதில் அதே ‘வரும்’ வினைமுற்று. இருவர் தனித்தனியே குறித்துவிட்டு, எங்கே ஒத்துப்போகிறோம், எங்கே மாறுபடுகிறோம் என்று எண்ணுவோம். மாறுபட்ட இடங்களில்தான் தமிழ் இலக்கணத்தை நான் உண்மையாகக் கற்றுக்கொண்டேன். அந்த உழைப்புக்கு நிலையான வேலை கொடுக்க நம் நாட்டு ஆய்வு அமைப்பு வழிசெய்ய வேண்டும். திட்டம் முடிந்ததும் ஆட்கள் கலைந்து போவதும், அவர்களோடு அந்த அறிவும் போய்விடுவதும் தமிழுக்கு ஏற்படும் நேரடி நட்டம்.

கேரன் பதவிக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1986 இல் பார்பரா கிராஸ், பானி வெபர் ஆகியோருடன் சேர்ந்து இந்தத் துறையின் முக்கியக் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கினார். மூன்று தொகுப்பாசிரியர்களும் பெண்கள். 1994 இல் உலகக் கணினி மொழியியல் சங்கமான ஏசிஎல்லின் தலைவராக இருந்தார். 1995 இல் பிரிட்டிஷ் அகாடமி உறுப்பினர், 2004 இல் ஏசிஎல்லின் வாழ்நாள் சாதனை விருது, 2007 இல் பிரிட்டிஷ் கணினிச் சங்கத்தின் லவ்லேஸ் பதக்கம். கணினித் துறையை ஆண்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது, அது அவ்வளவு முக்கியமானது என்பது அவர் அடிக்கடி சொன்ன கருத்து. 2007 ஏப்ரல் 4 அன்று புற்றுநோயால் காலமானார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் இளம் ஆய்வாளர்களுக்கான விருது ஒன்று தொடங்கப்பட்டது.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். “மேடம், நான் எம்.ஏ. தமிழ். கோடிங் சுத்தமா தெரியாது. எனக்கு இது சரிப்படுமா?” என்றாள். நானே தமிழ் இலக்கியத்திலிருந்து மொழியியலுக்கும் அங்கிருந்து இதற்கும் வந்தவள். “உருபு புணரியல் படிச்சிருக்கியாம்மா?” என்று கேட்டேன். படித்திருந்தாள். பைத்தானை ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ‘கடலை’யை எங்கே வெட்டக்கூடாது என்று தெரிந்த காது வர ஆறு மாதம் போதாது. வரலாறும் தத்துவமும் படித்த ஒருவரிடமிருந்துதான் தேடுபொறியின் அடிப்படை வந்தது என்பதை அவளிடம் சொன்னேன்.

மற்ற விவரங்களையும் மறைக்காமல் சொன்னேன். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் ஆய்வுக்காலம் ஓரளவு தாங்கும். இந்தத் துறையில் இதழ்களைவிட மாநாட்டுக் கட்டுரைக்கு மதிப்பு அதிகம். ஏசிஎல் மாநாட்டுக் கட்டுரைகள் எல்லாம் இணையத்தில் இலவசம் என்பதால் ஊரில் இருந்தபடியே படிக்கலாம். இந்திய மொழிகளின் தேடலுக்கு 2008 இல் தொடங்கிய ஃபயர் என்ற மன்றம் இருக்கிறது. திராவிட மொழிகளுக்கென்று 2021 முதல் தனிப் பயிலரங்கு நடக்கிறது. நிறுவனங்கள் தரும் சம்பளம் பல்கலைக்கழகத்தில் கிடைக்காது.

இந்தப் பருவத்தில் எங்கள் மாணவர்கள் தமிழில் ஒரு சிறிய சோதனைத் தொகுப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த கேள்விகள் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பட்டா மாறுதலுக்கு என்ன தாள் வேண்டும், நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளிக்கு என்ன மருந்து, பத்தாம் வகுப்புத் துணைத்தேர்வு எப்போது என்று மக்கள் கேட்கும் விதத்திலேயே கேள்விகளைத் திரட்டுகிறோம். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தக் கட்டுரை விடை தருகிறது என்று இருவர் தனித்தனியே படித்துக் குறிக்கிறார்கள். ஒத்துப்போகாத இடங்களை வெள்ளிக்கிழமை பிற்பகல் உட்கார்ந்து பேசுகிறோம். போன மாதம் வந்த பெண்ணும் இப்போது அந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். படித்துக் குறிக்க வேண்டிய கட்டுரைகள் நிறைய இருக்கின்றன, ஆட்கள் போதவில்லை. இலக்கணம் தெரிந்தவர்கள் வந்தால் நிரல் எழுத நாங்கள் கற்றுத்தருகிறோம்.